இத்தா வீட்டுப் பீர்க்கு

நூஹு மௌத்தாகி, மூன்றாம் நாள் ஓதல் முடிந்து, வந்த சனம் கலைந்ததும் றுகையா செய்த முதல் வேலை, சேவலைப் பிடித்து வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் எறிந்ததுதான்.

"இத்தா வீட்டில சேவல் என்னத்துக்கு? அதுவும் ஆம்பிளைதானே!" என்றாள், கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு.

அடுத்த வீட்டுச் சுல்பிகா சும்மா வந்து விழுந்த சேவலை வேண்டாம் என்று சொல்கிற ஆளா? மறுநாளே அந்தப் பக்கமிருந்து கோழி ஆணம் கொதிக்கிற வாசம் வந்தது. பாவம் சேவல், அது யாருடைய இத்தாவையும் முறிக்க நினைத்திருக்காது.

றுகையா நூஹுவின் மூத்த சகோதரி, அவன் பெண்சாதி ஸாலிஹாவுக்கு மதினி. புருசனை இழந்து பல வருசமாகிவிட்டது. ஊர் வழக்கப்படி தன் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் குசினி மூலையில் பாய் விரித்துப் படுப்பவள். தம்பியின் பெண்சாதிக்கு இத்தாக் காலத்தில் துணையிருக்க ஆள் வேண்டும் என்றதும், ஓலைப்பெட்டிக்குள் இரண்டு சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கிவிட்டாள். ஸாலிஹாவுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்? தாய் தகப்பன் போய்ச் சேர்ந்து கனகாலம். கூடப்பிறந்தவர்கள் இல்லை. பிள்ளையும் இல்லை.

புருசனை இழந்தவள் இத்தாவில் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கவேண்டும் என்பது மார்க்கம். அதற்கு மேல் றுகையா போட்ட சட்டமெல்லாம் அவளுடைய சொந்தச் சரக்கு. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பற்றரி இறங்கி மாதக்கணக்காக வாய் திறக்காத ரேடியோவுக்கும் ஒரு துணியைப் போட்டு மூடினாள்; அதற்குள் ஆம்பிளைகள் இருக்கிறார்களாம். வெள்ளைச் சேலை உடுத்த ஸாலிஹாவைப் பின்னறைக்குள் இருத்தி, முன்பக்கம் திரை கட்டினாள். எல்லாம் கட்டி முடித்த பிறகு அந்த அறைக்கு மிஞ்சியது கிணற்றடியைப் பார்த்த ஒரு மரக்கம்பி ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே ஒரு பீர்க்கங்கொடியும் மட்டும்தான்.

அந்தக் கொடி அப்போது ஒரு சாண்தான் இருந்தது.

அதை நட்டது நூஹு. அது வரிப்பீர்க்கு அல்ல, மேலெல்லாம் வழுவழுவென்று இருக்கிற நுரைப்பீர்க்கு. பிஞ்சில் கறி, முற்றினால் உடம்பு தேய்க்கிற நார். நூஹுவின் வீட்டார் தலைமுறையாக வைத்திருந்த சாதி, முழங்கை நீளம் காய்க்கும். நற்பிட்டிமுனை வயலிலிருந்து மில்லுக்கு நெல்லேற்றுகிற மாட்டுவண்டிக்காரன் அவன். அந்திக்கு வந்து மாட்டை அவிழ்த்ததும் முதலில் கொடியைப் பார்ப்பான், பிறகுதான் பெண்சாதியைப் பார்ப்பான். அதற்கு அவள் கோபித்தால், "அது கதைக்காது, நீ கதைப்பாய், அதுதான் ஒன்ன மிச்சம் வெச்சிரிக்கன்" என்பான்.

எழுபத்தெட்டுப் புயல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. தென்னைகள் படுத்துவிட்டன, கூரை பறந்தது, கூரைக்குள் செருகி வைத்திருந்த பீர்க்கு நெற்றுகளும் அதோடு போயின. ஊரில் ஒரு வேலிகூட மிஞ்சவில்லை. வேலியில்லாத இடத்தில் கொடி எங்கே மிஞ்சும்? கேட்ட வீடெல்லாம் கையை விரித்தது. நூஹு சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தான். ஒரு நாள் குளிக்கும்போது, தேய்க்கிற பழைய நாரை உதறியவன் "ஸாலிஹா! ஓடி வா!" என்று கத்தினான். நாரின் உள்ளறைக்குள் சிக்கியபடி மூன்று கறுத்த மணிகள். ஆள் இடுப்புச் சாரத்தோடு கிணற்றடியில் நின்று சிரித்த சிரிப்பை அவள் இன்னும் மறக்கவில்லை. மூன்றில் இரண்டு கோது. ஒன்றுதான் முளைத்தது. அது இரண்டாவது இலை விட்ட கிழமையில், மில்லில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தது மையித்து.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸாலிஹா 'வித்து' என்ற சொல்லை வாயால் சொல்வதில்லை. மணி என்பாள், கொட்டை என்பாள், 'உள்ளுக்குக் கெடக்கிறது' என்பாள். முன்பு ஒரு கலியாண வீட்டில், சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்த இடத்தில், ஒரு பொம்பிளை அவளைக் கண்ணால் காட்டி, "அது வித்து விழாத வளவு" என்று பக்கத்திலிருந்தவளின் காதுக்குள் சொன்னாள். காதுக்குள் சொன்னதுதான், ஆனால் ஸாலிஹாவுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. நூஹு கவனித்தான். அவனும் மணி என்றே சொல்லத் தொடங்கிவிட்டான்.

இப்போது, அந்த அறைக்குள் இருந்துகொண்டு, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கொடியில் ஒரு காய், ஒரேயொரு காய், அப்படியே முற்றிக் காய்ந்து நெற்றாக வேண்டும். உள்ளே இருக்கிற மணியை எடுத்து அடுத்த வருசமும் நடவேண்டும், அதற்கடுத்த வருசமும் நடவேண்டும். நூஹுவின் கைபட்டதில் உலகத்தில் உயிரோடு மிஞ்சி நிற்பது அது மட்டும்தானே. அதுவும் போய்விட்டால் அவன் வாழ்ந்ததற்கு என்ன சாட்சி இருக்கிறது? அவள்தான் இருக்கிறாள். அவளுக்குப் பிறகு?

பகல் முழுக்க அவள் கொடியைத்தான் பார்த்தாள். பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஐந்து மூலை வைத்த தண்டு, சொரசொரத்த இலை, இலைக்கு எதிரே பற்றுக்கம்பி. அந்தக் கம்பி முதலில் நேராக நீண்டு காற்றில் துழாவும். எதிலாவது தட்டுப்பட்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிறகு நடுவில் சுருண்டு சுருண்டு கொடியை அந்தப் பக்கம் இழுக்கும். ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் தன் சுண்டுவிரலை அதன் நுனியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அது விரலையும் பிடித்துவிடும் என்று நினைத்தாள். பிடிக்கவில்லை. விரலை எவ்வளவு நேரம்தான் ஆடாமல் வைத்திருக்க முடியும்? றுகையா சோறு கொண்டுவந்தபோது கையை இழுத்துக்கொண்டாள்.

தனிமை என்றால் சும்மா தனிமை இல்லை. றுகையா குசினியில் இருந்தாள்தான், ஆனால் அவளுடைய கதையெல்லாம் மகளின் வீட்டில் மருமகன் எப்படிச் செருமினான், யாருக்கு எந்தப் பீங்கானில் சோறு போட்டார்கள் என்பதோடு முடிந்துவிடும். நூஹுவின் பேரை எடுத்தால் அவள் அழுதுவிடுவாள். அழுதால் மையித்துக்கு வேதனை என்று அவளே வாயைப் பொத்திக்கொள்வாள். ஆகவே அந்த வீட்டில் நூஹுவைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. ஸாலிஹாவுக்குச் சில நாட்களில் தன் குரலே மறந்துபோய், தொழுகையில் ஓதும்போதுதான் கேட்டது.

கொடி ஜன்னலைத் தாண்டிக் கூரை விளிம்புக்கு ஏறியதும் மொட்டு வந்தது. பீர்க்கில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூ ஒரே காம்பில் குலையாக வரும், நாளுக்கு ஒன்றிரண்டாக விரியும். பெண்பூ தனியாக ஒன்று. அதன் அடியில் விரல் நுனியளவு பிஞ்சு பிறக்கும்போதே இருக்கும். ஆண்பூவின் மகரந்தம் பட்டால் அந்தப் பிஞ்சு நிற்கும், படாவிட்டால் மஞ்சளித்து விழும். நூஹு இதை வருசா வருசம் காட்டிச் சிரிப்பான். "இந்தா பாரு, ஆம்பிளைப் பூவெல்லாம் சந்தியில கூடி நிக்கிற பொடியன்மார் மாதிரி. பொம்பிளைப் பூ ஒண்டே ஒண்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டு." மழைநாளில் தேனீ வராவிட்டால் தானே ஓர் ஆண்பூவைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பெண்பூவில் தேய்த்துவிட்டு, "கலியாணத் தரகர் வேலை, கூலியில்ல" என்பான்.

சின்ன வயதில் தன் ராத்தா றுகையாவிடமும் இதே பகிடியைத்தான் விட்டிருக்கிறான். வினை அங்கேதான் இருந்தது.

மொட்டுக் கண்ட பிறகு ஸாலிஹா காத்திருந்தாள். பெண்பூ விரிந்தது, பிஞ்சோடு மஞ்சளித்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கணுக்களில் எறும்பு ஓடியது, தேனீக்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின, ஆனால் காய் பிடிக்கவில்லை. என்ன குறை என்று அவளுக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு விடியலில் ஜன்னலைத் திறந்தவள் கண்டாள்: றுகையா தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொடியிலிருந்து மஞ்சள் பூவாகத் தேடித் தேடிக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி செய்யிறீங்க?"

"நீ உள்ளுக்குப் போ புள்ள. ஆம்பிளைப் பூ."

"என்ன பூ?"

"ஆம்பிளைப் பூ எண்டுறன். தம்பிதான் காட்டித் தந்தான், குலையா வாறது ஆம்பிளை, ஒத்தையா வாறது பொம்பிளை எண்டு. இத்தா இரிக்கிற பொம்பிளைட ஜன்னலுக்கு நேர, ஒழும்பினதும் முழிக்கிறத்துக்கு, இத்தின ஆம்பிளைப் பூவா? நாளைக்கு மறுமையில என்னையில்லா கேப்பாங்க!"

ஸாலிஹாவுக்குச் சிரிப்பு வந்தது. நூஹு போன பிறகு வந்த முதல் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். இதை அவனிடம் சொன்னால் எப்படி விழுந்து விழுந்து சிரிப்பான்! சொல்ல ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாகியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மதினி, அதைப் பிடுங்காதீங்க. அது இல்லாட்டிக் காய் பிடிக்காது."

"பிடிக்காட்டிப் போகட்டும். பீர்க்கங்காய் தின்னாம ஆரும் மௌத்தாகல்ல."

"எனக்கு ஒரு காய் வேணும் மதினி."

"என்னத்துக்கு?"

வித்துக்கு. அவ்வளவுதான் சொல்லவேண்டும். குழந்தைகூடச் சொல்லும். அந்தச் சொல் நெஞ்சிலிருந்து ஏறித் தொண்டைக்கு வந்து நின்றது. பிள்ளை பெறாதவள், புருசன் மண்ணுக்குள் போய் நாலு மாதம்கூட ஆகாதவள், அவனுடைய ராத்தாவின் முகத்தைப் பார்த்து, 'உங்கட தம்பிட வித்து எனக்கு வேணும்' என்று எந்த வாயால் சொல்வது? மணி என்று சொல்லலாம்தான். ஆனால் மணி என்பது அவளும் அவனும் மட்டும் பேசிக்கொண்ட சொல். அதை இன்னொருவரிடம் எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆசையா இரிக்கி" என்றாள்.

றுகையாவின் கை பூவோடு அப்படியே நின்றது. பெட்டியைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்குக் கிட்ட வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஸாலிஹாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"புள்ள," என்றாள். "முழுகாம கிழுகாம இரிக்கியா?"

ஸாலிஹா தலையை ஆட்டினாள். "இல்ல மதினி. சும்மா ஆசை."

அந்தக் கிழவியின் முகம் விழுந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நொடிதான் அவளுக்குத் தம்பி திரும்பி வந்தான், மறுநொடி மறுபடியும் போய்விட்டான். "அல்லாட நாட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூப்பறிப்பு நிற்கவில்லை. ஆசை வேறு, மறுமை வேறு.

அதன் பிறகு ஸாலிஹா களவுக்குத் துணிந்தாள். றுகையா சுபஹு தொழுதால் லேசில் எழும்பமாட்டாள். ஓதி, தஸ்பீஹ் உருட்டி, இறந்துபோன உறவெல்லாவற்றுக்கும் பேர் சொல்லித் துஆக் கேட்டு முடிக்க விடிந்துவிடும். அந்த இடைவெளியில் ஸாலிஹா தன் தொழுகையை முடித்து முக்காலியில் ஏறினாள். கையைக் கம்பிக்குள்ளால் விட்டு, அப்போதுதான் விரிந்த ஆண்பூ ஒன்றைக் கிள்ளினாள். இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டுக் கூரை விளிம்பில் நின்ற பெண்பூவில் மெல்லத் தேய்த்தாள். விரலெல்லாம் மஞ்சள் தூள். நூஹு செய்த வேலை. அவளுக்கு முகம் சூடேறியது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். 'தரகர் வேலை' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. விரலை வெகுநேரம் கழுவாமல் வைத்திருந்தாள்.

முதலில் செய்தது விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கொடியின் அடி இலைகள் கருகிக்கொண்டு வந்தன, மொட்டும் குறைந்துகொண்டு வந்தது. இத்தா முடிய அதிக நாள் இல்லாத நேரத்தில்தான் ஒன்று நின்றது. விரல் நுனி பெருவிரலாகியது, பெருவிரல் சாணாகியது. கூரை விளிம்பிலிருந்து அது நேராகத் தொங்கியது. ஸாலிஹா காலையில் கண்விழித்ததும் அதைப் பார்த்தாள், இருட்டும்வரை பார்த்தாள். சோறு இறங்கியது. ஒரு நாள் தன்னையறியாமல் ஏதோ பைத்துப் பாட்டுகூட முணுமுணுத்தாள். இன்னும் இரண்டு மாதம் கொடியில் நின்றால் போதும். பச்சை மங்கிப் பழுப்பாகும், பாரம் குறைந்து லேசாகும், ஆட்டினால் உள்ளே சலசலக்கும். இத்தா முடிந்தால் என்ன, அவள் இந்த வீட்டை விட்டு எங்கே போகப்போகிறாள்? தண்ணீர் ஊற்றிக்கொண்டு பார்த்திருப்பாள்.

றுகையா காயைக் கண்ட அன்று வளவையே ஒரு கலக்குக் கலக்கிவிட்டாள்.

"சுல்பிகா! இஞ்ச வந்து பாரு! ஆம்பிளைப் பூ ஒண்டையும் விடாமப் பிடுங்கின நான். அப்பிடி இரிந்தும் காய் பிடிச்சிரிக்கி! அல்லாட குதுறத்த, அவன்ட வல்லமையப் பாத்தியா?"

சுல்பிகா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஓம் ராத்தா, குதுறத்துத்தான்" என்றாள். ஸாலிஹா ஜன்னலுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து றுகையா பூவைத் தொடவில்லை. பதிலாக, தினமும் காயடியில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, எட்டி நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். தம்பியின் கொடி, அவளுக்கும் பாசம் இருக்காதா என்று ஸாலிஹா நினைத்தாள். அந்த மனுசியின் மேல் முதல்முறையாக அவளுக்கு அன்பு வந்தது.

இத்தா முடிந்த காலை ஜன்னல் வெளிச்சமாக இருந்தது. அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம். ஸாலிஹா எழுந்து போய்ப் பார்த்தாள். கம்பியில் சுருண்டிருந்த பற்றுக்கம்பி மட்டும் அறுந்தபடி கிடந்தது, கொடி இல்லை. கிணற்றடி பளிச்சென்று கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. வேலியோரம் காய்ந்த இலையும் தண்டும் ஒரு குவியல்.

"மதினி! கொடி எங்க?"

"காஞ்சுபோன கொடி என்னத்துக்கு புள்ள? சனம் வரப்போகுது. பாம்பு பூரான் அடையும்."

"காய்?"

றுகையா கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "அது பத்திரமா இரிக்கி. நீ முதல்ல குளி."

பெண்கள் வந்துவிட்டார்கள். கிணற்றடியில் சேலை கட்டி மறைத்து அவளைக் குளிக்கவார்த்தார்கள். தலையில் விழுந்த ஒவ்வொரு வாளித் தண்ணீருக்குள்ளும் அவள் கணக்குப் பார்த்தாள்: நின்றது என்றைக்கு, இன்றைக்கு என்ன நாள், முற்றியிருக்குமா, முக்கால்வாசியாவது முற்றியிருக்குமா. முற்றியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மறுபடியும் கணக்குப் பார்த்தாள். நிறச் சேலை உடுத்தினார்கள், தொழுதாள், துஆ ஓதினார்கள். வந்தவர்களுக்கு முன்னறையில் சாப்பாடு விரித்தார்கள்.

றுகையா அவளை மட்டும் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாயில் இருத்தினாள். முன்னால் பீங்கானில் சோறு. மூடி வைத்திருந்த சின்னச் சட்டியைத் திறந்தாள்.

கூனி இறால் போட்ட பீர்க்கங்காய்ப் பாலாணம். தேங்காய்ப்பாலில் பச்சை நிறம் மாறாத துண்டுகள்.

"ஒருத்தருக்கும் குடுக்கல்ல, ஒனக்கு மட்டும்தான்" என்றாள் றுகையா. பக்கத்தில் குந்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீ வாய் திறந்து ஒண்டும் கேக்காதவள். இந்த நாலு மாசத்தில ஒரு ஆசை கேட்டாய். நான் பாவி, பூவைப் பிடுங்கிப் பிடுங்கி எறிஞ்சன். அப்பிடி இரிந்தும் அல்லாஹ் ஒனக்கெண்டு ஒண்டத் தந்தான். என்ட தம்பி நட்ட கொடி. அவன்ட பொண்டாட்டி வயிறாரத் தின்னட்டும் எண்டு சுபஹுக்கு முந்தியே அறுத்துட்டன். சாப்பிடு புள்ள."

ஸாலிஹா சட்டியைப் பார்த்தாள். எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்து, ஊர் கேட்கும்படி கத்தவேண்டும் போல இருந்தது. எதைச் சொல்லிக் கத்துவது? றுகையா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் வீட்டில் இனி மறுபடியும் குசினி மூலைக்குப் போகப்போகிறவள், தன் கையால் ஒருத்திக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு இருந்தாள்.

ஸாலிஹா பிஸ்மி சொல்லிச் சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு துண்டை வாயில் வைத்தாள். கரைந்து போனது. அடுத்ததையும் வைத்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. றுகையா அதைப் பார்த்துத் தானும் அழுதாள். இருவரும் ஒரே மனிதனுக்காகத்தான் அழுதார்கள், ஆனால் தனித்தனியாக அழுதார்கள்.

"நல்லா இரிக்கா?"

"ஓம் மதினி. இனிக்கிது."

"வித்துக் கித்து வாயில தட்டுப்பட்டாத் துப்பிடு, என்ன?"

ஸாலிஹா மெல்லுவதை நிறுத்தினாள். நாக்கால் தேடினாள். வெள்ளையாக, மெத்தென்று, ஒன்றுமில்லாததுபோல் ஏதோ கரைந்துகொண்டிருந்தது. அதை விழுங்கினாள்.

"இதில வித்தே இல்ல மதினி" என்றாள்.

"பின்ன? நகத்தால அழுத்திப் பாத்து நல்ல பிஞ்சாத்தானே அறுத்த நான்" என்று சொல்லி, றுகையா சட்டியில் மிச்சமிருந்ததையும் வழித்து அவளுடைய பீங்கானில் போட்டாள்.